சாய்ந்த சுவருக்கு ஒரு ஷட்டர்

என் பட்டறைக்கு வந்து "முடியுமா?" என்று கேட்டவர்கள் யாரும் "முடியாது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியதில்லை. இருபத்தாறு வருடமாக இதுதான் நிலவரம். அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்து, பட்டறைச் சாவியை என்னிடம் கொடுத்த வாரமே ஒரு மருந்துக்கடைக்காரர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்காமல் டேப்பை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் அவர் கடைக்கு நடந்தேன். அன்று மாட்டிய ஷட்டரை இன்றும் ஒரு விரலால் தூக்கலாம். கடைக்காரர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தத் தொழிலில் ஓர் ஆண் முடியாது என்றால் வேலை கஷ்டமானது என்று அர்த்தம். நான் முடியாது என்றால் பொம்பளையால் முடியவில்லை என்று அர்த்தம். அதனால் அந்தச் சொல்லை நான் கைவிட்டேன். கோணல் கடை, குறுகிய சந்து, பாதி இடிந்த கிடங்கு, எதற்கும் முடியும் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு அப்புறம் தலையைப் பிய்த்துக்கொள்வேன். கடைத்தெருவில் எனக்கு "முடியும்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றது.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு திங்கட்கிழமை காலை அருங்காட்சியகத்தின் செயலாளர் வந்தார். கக்கத்தில் ஃபைல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

"ஒரு வாசல மூடணும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"எந்த வாசல்?"

"கோணக்கட்டடத்துல நடுவால ஒரு பாதை போகுதுல்ல, அதுல உங்க பக்கத்து வாசல்."

கோணக்கட்டடம் என்பது நாங்கள் வைத்த பெயர். நவீன கலை அருங்காட்சியகம் என்று வெளியே எழுதியிருக்கிறது. எங்கள் குடியிருப்புக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவில் முன்பு ஒரு காலி மைதானம் இருந்தது. அதன் குறுக்கே, மூன்று தலைமுறை நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கு, வேலைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. சுற்றிப் போனால் இருபத்தைந்து நிமிடம் கூடுதல். அந்த மைதானத்தில் கட்டடம் வருகிறது என்றதும் பாதை போச்சு என்று தலையில் கை வைத்தோம்.

போகவில்லை. அதை வரைந்த பெண் கட்டடத்தை இரண்டாகப் பிளந்து, பாதையை நடுவில் அப்படியே விட்டுவிட்டாள். இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கூடங்கள். தலைக்கு மேலே கூரையில் பாதையின் நீளத்துக்கு ஒரு பிளவு, அதன் வழியாக வெயில் உள்ளே இறங்கும். டிக்கெட் வாங்கியவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்கள். நாங்கள் இந்தப் பக்கம் காய்கறிப் பையோடு நடப்போம். பார்ப்பது ஒரே படத்தைத்தான். இரண்டு முனையிலும் கதவு கிடையாது. திறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொன்னால், நான் அதை நின்று பார்த்ததே இல்லை. பட்டறை திறக்கிற அவசரம் ஒரு பக்கம். எரிச்சல் இன்னொரு பக்கம். பதினைந்து வயதில் ரசமட்டத்தைக் கையில் பிடித்தவள் நான். நேராக நிற்காத சுவரைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். அந்தக் கட்டடத்தில் நேரான சுவர் ஒன்றுகூடக் கிடையாது.

"ஏன் மூடணும்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வெளியூர்லேர்ந்து பெரியவங்க பாக்க வர்றாங்க. மியூசியம்னா ஒரு மரியாதை வேணாமாங்கறாரு தலைவர். கண்டவங்க குறுக்க போயிட்டு வந்துட்டு இருக்காங்க."

"அந்த ஒரு நாளுக்கா?"

"தற்காலிகம்தாம்மா."

தற்காலிகமாக மாட்டிய ஷட்டர் ஒன்றைக்கூட நான் திரும்பக் கழற்றியதில்லை. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வேலை என்று வந்தால் யார் வீட்டு வாசல் என்று நான் பார்ப்பதில்லை.

"ஒரு சுவர எழுப்பிட்டுப் போக வேண்டியதுதானே?"

"நகராட்சி அனுமதியில அவசர வழின்னு போட்டிருக்கு. சுவர் வெக்கக் கூடாது. தெறந்து மூடுற மாதிரிதான் எதையாவது வெக்கணும்." ஃபைலை இடம் மாற்றிக்கொண்டார். "முடியுமா?"

"முடியும்" என்றேன். பழக்கதோஷம்.

அன்றே தம்பியைக் கூட்டிக்கொண்டு அளவெடுக்கப் போனேன். பட்டறையில் வெல்டிங் முழுக்க அவன் கையில்தான். பேச்சும் வெல்டிங் மாதிரிதான், சடசடவென்று பொறி பறக்கும். ஏணியில் ஏறித் தூக்குக் குண்டை விட்டான். இடப்பக்கச் சுவர் பாதையின் மேல் கவிந்து நிற்கிறது. குண்டு சுவரின் அடியிலிருந்து முக்கால் கை தள்ளித் தொங்கியது. வலப்பக்கச் சுவர் அதே திசையில் பின்னால் சாய்ந்திருக்கிறது. அங்கே விட்ட குண்டு சுவர் மேலேயே படுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு அந்தச் சுவருக்கு ஒரு வளைவு வேறு. தரையில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஒரு மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது.

ஷட்டருக்கு அதிகம் ஒன்றும் வேண்டாம். தகடு ஏறி இறங்க நேராக நிற்கும் இரண்டு ஓரம், சுருள்வதற்கு மேலே மட்டமான ஓர் உருளை, வந்து உட்காரக் கீழே மட்டமான தரை. அவ்வளவுதான். இந்த வாசலில் அதில் ஒன்றுகூட இல்லை.

"அக்கா, இது வாசலா, வாய் கோணினவன் கொட்டாவியா?" என்றான் தம்பி.

அளவெடுக்கவும் விடவில்லை ஜனங்கள். டேப்பைக் குறுக்கே பிடித்தால் ஒருத்தர் குனிந்து போகிறார், ஒருத்தர் தாண்டிப் போகிறார். "கொஞ்சம் தூக்குங்கம்மா" என்று ஆஸ்பத்திரி சலவைக்கார அம்மா இரண்டு மூட்டையோடு நுழைந்து போனாள். நான் எழுதிய அளவு மூன்று தடவை தப்பாகிப்போனது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கிராப்பு வெட்டிய தலை, காதில் பென்சில், முழங்கை வரை சுருட்டிவிட்ட சட்டை. ஆர்க்கிடெக்ட், வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்ட வந்திருக்கிறாள் என்று செயலாளர் முன்பே சொல்லியிருந்தார். "அந்தம்மா ஏதாவது பேசுவாங்க, காதுல போட்டுக்காதீங்க" என்றும் சொல்லியிருந்தார்.

"இந்த வாசலுக்கு ஷட்டர் போட முடியாதுங்க" என்றாள். சாதாரணமாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னாள்.

"ஏன் முடியாது?"

"முடியக் கூடாதுன்னுதான் அப்படி வரைஞ்சேன்." சுவரில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தாள், பெற்ற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. "கட்டி முடிச்சதும் நான் கெளம்பிடுவேன்னு தெரியும். அப்புறம் ஒருநாள் ஒருத்தர் வந்து, இங்க ஒரு கதவு போட்டா என்னன்னு கேப்பாருன்னும் தெரியும். அவர்கிட்ட சண்ட போட அன்னைக்கு நான் இருக்க மாட்டேன். சுவர் இருக்கும்ல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் மியூசியம் கமிட்டியோடு சண்டை போட்டால் போடட்டும். ஆனால் நான் ஷட்டர் மாட்ட முடியாதபடி ஒரு வாசலை வரைய ஒருத்தி பிறந்து வந்திருக்கிறாளா என்ன?

"பாத்துருவோம்" என்றேன்.

"பாருங்க" என்றாள் அவளும். கோபித்துக்கொள்ளவில்லை. ஏணியைக்கூடப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்போது கேட்டேன், "அந்தச் சுவரு என்னத்துக்கு அங்க வளையுது? அழகுக்கா?"

"இல்லக்கா. கட்டறதுக்கு முன்னாடி மூணு மாசம் இந்த மைதானத்துல உக்காந்து, யாரு எங்க கால் வெக்கறாங்கன்னு குறிச்சேன். எல்லாரும் இந்த இடத்துல கொஞ்சம் ஒதுங்கிப் போனாங்க. ஏன்னு யாருக்கும் தெரியல. கடைசியில ஒரு பெரியவர் சொன்னாரு, அங்க ஒரு முள்ளு மரம் இருந்துச்சாம். வெட்டிப் பத்து வருஷம் ஆச்சாம். மரம் போச்சு, ஜனங்க இன்னும் சுத்திதான் போறாங்க. அதான் சுவரையும் வளைச்சேன்."

எனக்கு அந்த மரம் ஞாபகம் இருந்தது. அதில் ஒரு தாவணியைக் கிழித்துக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. எதற்கு இடம் கொடுப்பானேன்?

செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனேன், தனியாக. வாசலில் குனிந்து தரைச் சரிவை அளந்துகொண்டிருந்தபோது பாதைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஆனால் நாலு வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டினவர். சர்க்கரை கண்ணைத் தின்ன ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. காலையில் நான் கிளம்பியதும் டீக்கடைக்குப் போகிறார் என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடிக்குக் கீழே நீளமாக ஒரு திட்டு விட்டிருக்கிறாள் அந்தப் பெண். அதில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சலவைக்கார அம்மா, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கூடம் முழுக்கச் சிவப்புத் துணி. அடியில் எங்கேயோ விசிறி வைத்திருக்கிறார்கள் போல. துணி மெல்ல எழும்பும், கூரை வரை போகும், அப்புறம் மெல்ல அடங்கும். அவ்வளவுதான் அந்தக் கலை.

"இப்ப எழுந்துக்கும் பாரு" என்றார் இவர்.

"எழுந்துக்காதுங்க, தூங்கிடுச்சு."

"எழுந்துக்கும்னா எழுந்துக்கும். ஏழு மாசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

எழுந்தது. இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு முதலில் வந்தது பொறாமை, அதை ஏன் மறைக்க வேண்டும்? என்னோடு பேச வாய் வலிக்கிறது, ஒரு துணியோடு என்ன பேச்சு என்று வந்தது. பக்கத்தில் போய் நின்றேன். சலவைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

"என்னங்க, இங்கதான் வர்றீங்களா தினமும்?"

திடுக்கிட்டார். பிறகு, பிடிபட்ட பிள்ளை மாதிரிச் சிரித்தார். "சிவப்பு மட்டும் எனக்கு நல்லாத் தெரியுது. சிக்னல்ல நின்னு நின்னு பழகின கண்ணாச்சே."

"வெளியில இவ்வளவு வெயிலடிக்குது, கண்ணாடிக்குள்ள எப்படித் தெரியுது?"

"அதான் விஷயமே. நேரா நிக்கற கண்ணாடியில என் மூஞ்சியும் வெளிச்சமுந்தான் அடிக்கும். இது நம்ம பக்கம் கவுந்து நிக்குது பாரு. வெளிச்சம் கண்ணுல அடிக்கல. உள்ள இருக்கறது தெரியுது. அந்தப் பொண்ணுதான் சொன்னிச்சு." குரலைத் தாழ்த்தினார். "நேரா கட்டியிருந்தா எனக்கு ஒண்ணுந் தெரிஞ்சிருக்காது."

நான் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். நேற்று எனக்குப் பல் கூசிய அதே சுவர். சாய்ந்து நிற்பது தப்பு என்று இத்தனை வருடம் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு நம்பியவள், கையிலிருந்த டேப்பை மெல்லச் சுருட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். பின்னால் செயலாளரும் ஃபைலும். தலைவர் நல்ல உயரம், நல்ல சட்டை, நல்ல வாசனை. என் கையில் டேப்பைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது.

"ஷட்டர்காரம்மாவா? நல்லது. பாத்தீங்கள்ல நீங்களே?" திட்டைக் காட்டினார், என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த இடத்தை. "இதுங்க வந்து உக்காறதுக்கா இவ்வளவு பெரிய மியூசியம் கட்டினோம்? சீக்கிரம் மூடுங்க."

இதுங்க. ஆட்டையும் மாட்டையும் சொல்கிற மாதிரி. முப்பது வருடம் ஊரைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்ட மனுஷனை. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வேலை கொடுத்தவர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நான் மன்னிக்கவில்லை. இவருக்குக் கண்தான் போயிற்று, காது போகவில்லை. மெல்ல எழுந்தார். ஒரு கையால் கண்ணாடியைத் தடவிக்கொண்டே பாதை முடியும் வரை நடந்து போனார். நான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

கோபம் வந்தால் சிலருக்கு மூளை நின்றுவிடும். எனக்கு அப்போதுதான் ஓடும். புதன்கிழமை பட்டறையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். தலைவர் மேல் கோபம், என் மேல் கோபம், அந்த ஆர்க்கிடெக்ட் பெண் மேலும் கோபம், அவள் வாசல் என்னை ஜெயித்துக்கொண்டிருந்ததால். புழுக்கம் தாங்காமல் பழைய செய்தித்தாளை விசிறி மாதிரி மடித்து வீசினேன். வீசிக்கொண்டே கையைப் பார்த்தேன். பிடித்த பக்கம் மடிப்பு ஒட்டி நிற்கிறது, மறுபக்கம் விரிகிறது. விரிகிற பக்கம் கோணலாக இருந்தால் என்ன? ஒவ்வொரு மடிப்பையும் ஒவ்வொரு நீளத்துக்கு வெட்டினால் போயிற்று.

மேலே சுருட்டுகிற ஷட்டர் என்பதால்தானே நேரான ஓரம் வேண்டும்? பக்கவாட்டில் மடிகிற ஷட்டராக இருந்தால்? வாசலுக்கு மேலே குறுக்காக ஒரு தண்டவாளம், அதிலிருந்து தொங்கும் தகடுகள். நாற்பத்து மூன்று தகடு, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. சாய்ந்த சுவரோடு சாய்ந்து, வளைந்த சுவரோடு வளைந்து, சரிந்த தரையோடு சரிந்து போய் மூடிக்கொள்ளும்.

சாயங்காலத்துக்குள் தம்பியும் நானும் தகரத் துண்டுகளில் வாசலும் ஷட்டருமாக முழ நீளத்துக்கு ஒரு மாதிரி செய்துவிட்டோம். இழுத்தேன். டக்கென்று மூடியது. ஒரு நூல் இடைவெளி இல்லை.

தம்பி குதித்தான். "அக்கா! அந்தப் பொண்ணு படிச்ச படிப்பெல்லாம் காலி! நாளைக்கு இதக் காட்டினா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்!"

நானும் குதித்திருக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த வேலைகளிலேயே இதுதான் உச்சம். எந்த ஊர்ப் பட்டறைக்கும் இது தோன்றியிருக்காது. மூடிய அந்தக் குட்டி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி திறந்தேன். மறுபடி மூட மனசு வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன், "இன்னைக்கு அங்க போனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அதான் மூடப் போறாங்களே. பழகிக்கணும்ல."

நாற்காலியில் அவர் பழைய மாதிரி உட்கார்ந்திருந்தார், கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு. நான் கைகழுவப் போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இந்தா பாரு."

"என்ன?"

"நல்ல ஷட்டரா போடு. அது கஷ்டமான வாசல்னு அந்தப் பொண்ணு சொன்னிச்சு. நீதான் போட்டேன்னு நாலு பேரு சொல்லணும். எனக்காக எதையாவது பாதியில விட்டுட்டு வந்து நிக்காத. உன் பேரு கெட்டுப்போயிடும்."

குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் சத்தத்தில் அழுதால் அவருக்குக் கேட்காது. மூட வேண்டாம் என்று அவர் கெஞ்சியிருந்தால்கூட நான் போய் மூடியிருப்பேன், என் குணம் அப்படி. இந்த மனுஷன் என் பேரைத் தூக்கி என் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் அதை என்ன செய்வதென்று இனி நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை காலை பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த மாதிரியைக் கையாலேயே பிய்த்துப் போட்டேன். தம்பி ஏன் என்று கேட்டான். "வாய மூடிக்கிட்டு வர்றதா இருந்தா கூட வா" என்றேன்.

பத்து மணிக்கு வாசலில் தலைவர், செயலாளர், ஆர்க்கிடெக்ட் பெண் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் ஒரு முழு நாள் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டிருப்பாள். முடியும்மா யோசிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று கடைத்தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

"சொல்லுங்க," என்றார் தலைவர். "முடியுமா?"

"முடியாது."

சொல்லிவிட்டேன். நாக்குக்கே புதிதாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போ என்றால் ஒரு பிள்ளை காலை உதைத்துக்கொண்டு "முடியாது" என்கிறதே, அதற்குக் கடைக்குப் போகத் தெரியாது என்றா அர்த்தம்? அந்த முடியாதைத்தான் நான் சொன்னேன். அவர்கள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

"முடியாதா?" செயலாளர் ஃபைலைக் கீழே விடப் பார்த்தார்.

"அக்கா, நம்மதான்..." என்று ஆரம்பித்தான் தம்பி. அவன் காலை ஓங்கி மிதித்தேன். மீதியை முழுங்கிக்கொண்டான்.

தலைவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஊரெல்லாம் முடியும்மா முடியும்மான்னு சொன்னாங்கன்னு கூப்பிட்டேன் பாரு, என்னச் சொல்லணும். பொம்பள கையில பெரிய வேலையக் குடுத்தா இப்படித்தான்."

எந்தச் சொல்லுக்குப் பயந்து இருபத்தாறு வருடம் முதுகொடிய ஓடினேனோ, அது கடைசியில் நேராக வந்து முகத்தில் விழுந்தது. பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பத்து மூன்று தகடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் வாயை அப்படியே அடைத்துவிடலாம். சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

"ஊர்ல வேற பட்டறையே இல்லையா? கூப்பிடுங்க" என்றார்.

இருக்கிறது. பெரிய பட்டறை. அதன் முதலாளிக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. நான் கடைத்தெரு பக்கம் வந்தால் அவர் எதிர்ப்பக்கம் போவார். அரை மணி நேரத்தில் வண்டியில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். தூக்குக் குண்டைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"இந்தம்மா பாத்துட்டாங்களா?"

"பாத்தாச்சு. முடியாதுங்கறாங்க."

"இவங்க வாயால? முடியாதுன்னா சொன்னாங்க?"

"ஆமாய்யா."

அவர் என்னை இன்னொரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. வண்டிச் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். "அப்ப விட்டுருங்க சார். இவங்களே முடியாதுன்னுட்டா அப்புறம் யாரு வந்தாலும் நடக்காது. எதுக்கு என்ன அலைய விடறீங்க?"

வண்டி கிளம்பிப் போயிற்று. தலைவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஆர்க்கிடெக்ட் பெண்ணைப் பார்த்தார். சலவைக்கார அம்மா "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா" என்று அவரையே ஒதுங்கச் சொல்லிவிட்டு மூட்டையோடு நடுவில் நுழைந்து போனாள். அவரும் ஒதுங்கினார். வேறு என்ன செய்வார்? "வர்றவங்க பாக்கறதப் பாத்துட்டுப் போகட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "நெஜமாவே முடியலையாக்கா?" என்றாள்.

"ஒரு ராத்திரி வேல. உன் சுவரு அப்படி ஒண்ணும் பெரிய கெட்டிக்காரன் இல்ல."

அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"அடுத்த கட்டடத்துல இன்னும் நல்லா சாய்ச்சு வரை" என்றேன்.

வீட்டுக்குப் போய் இவரைக் கையோடு கூட்டிவந்து திட்டில் உட்கார வைக்க வேண்டும் என்றுதான் காலைத் தூக்கினேன். அதற்குள் செயலாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார். ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார்.

"ஒரு கையெழுத்தும்மா. கமிட்டிக்குக் காட்டணும். இல்லன்னா ஏன் மூடலன்னு என்னத்தான் கேப்பாங்க."

வாங்கிப் படித்தேன். நல்ல கையெழுத்து. 'மேற்படி வாசலில் ஷட்டர் பொருத்த என்னால் இயலாது என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இயலாதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. எழுத்துல அப்படித்தானே போடணும்?"

"அத அடிச்சுட்டு முடியாதுன்னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுதான்னா போடறதுக்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், அவன் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுபடி என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கத்தான் வாயைத் திறந்தார், பிறகு வேண்டாம் என்று நினைத்திருப்பார். தாளைச் சாய்ந்த சுவர் மேல் வைத்து, ஒரு சொல்லை அடித்து, அதன் மேலே இன்னொன்றை எழுதினார். பக்கத்தில் திருத்தத்துக்கு என்று சுருக்கொப்பமும் போட்டார்.

நான் வாங்கி, வாய்விட்டுப் படித்தேன். "ஷட்டர் பொருத்த என்னால் முடியாது." எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படிப் படித்தேன், பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. பிறகு அதே சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அழுத்தியதில் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று.